கூரைக் கொக்கியும் ஏழு இருக்கை வேனும்

1

திதிக்கு ஆள் வருகிறது என்பதற்காக வேன் வாங்கிய குடும்பம் இந்த ஊரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் மனைவி தனம் காலமாகி இந்த ஐப்பசியோடு இரண்டு வருடம். அவளுடைய தம்பி ஏழுமலை திதிக்குத் திண்டிவனத்திலிருந்து கனடாவுக்கு வருவதாக முடிவாயிற்று. அவனுக்கு இடது முழங்கால் மடங்காது. எங்கள் கார் தாழ்வானது. முழங்காலை மடக்காமல் அதில் ஏற முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த என் மகள் கவிதா ஒரு நாள் காலையில், "வேன் வாங்கிடலாம்பா" என்றாள். "நீங்களும் வந்து பாருங்க. உங்க அளவுக்கு வண்டி பாத்தவங்க இந்த ஊர்ல யாரு இருக்காங்க?"

அது உண்மை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் முப்பத்தொரு வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தேன். அந்தப் பெயரை அரசாங்கத் தாள்கள் மட்டுமே பயன்படுத்தின; ஊருக்கு நான் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரி, பஸ், வேன், டிராக்டர் என்று எத்தனையோ ஆயிரம் வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேரை எட்டுப் போடச் சொல்லி, ஓட்டத் தெரியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே வந்து முதல்முறை ஓட்டுநர் தேர்வுக்குப் போனபோது நானே தோற்றேன். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை என்று தேர்வாளர் குறித்துக்கொண்டார். அப்படியானால் கண்ணாடி எதற்கு என்று கேட்டேன். அதையும் குறித்துக்கொண்டார்.

வேன் பார்க்கப் போக எனக்குத் தயக்கமில்லை. ஏழுமலை அந்த வேனில் ஏறுவானா என்பதுதான் என் கவலை. உயரமோ முழங்காலோ இதில் சேர்த்தி இல்லை. நான் உட்கார்ந்திருக்கும் எந்த வண்டியிலும் அவன் ஏறுவதில்லை. கவிதாவுக்குப் பதினோரு மாதம் ஆனதிலிருந்து இப்படித்தான். அவளுக்கு அது குடும்ப வேடிக்கை. "மாமா எப்பவும் பஸ்லதான் வருவாரு" என்று சிரிப்பாள். காரணம் அவளுக்குத் தெரியாது. தெரிந்த மூவரில் ஒருத்தி போய்விட்டாள்.

2

வண்டிக் கடையின் விற்பனையாளர் பல்வரிசை நேர்த்தியான ஓர் இளைஞர். கவிதாவிடம் இஞ்சின் பற்றியும் என்னிடம் குளிர் பற்றியும் பேசினார். வயதானவர்களுக்கு இங்கே ஒதுக்கப்பட்ட தலைப்பு வானிலை. நான் டேப்பை எடுத்து வேனின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மடங்காத காலை முதலில் உள்ளே வைத்து, கைப்பிடியைப் பற்றி மற்றக் காலை இழுத்துக்கொள்ளலாம். தேறும்.

"ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்டேன். அவர் கவிதாவைப் பார்த்தார். கவிதா அதை இந்த ஊர் ஆங்கிலத்தில் சொன்னாள். மாற்றுச் சக்கரமே இந்த வண்டியில் கிடையாது, காற்றடிக்கும் சிறு பம்பும் ஒரு புட்டிப் பசையும் இருக்கின்றன என்றார் பெருமையாக. மயிலம் சாலையில் ஆணி குத்தி நின்றுபோன எத்தனையோ வண்டிகள் என் நினைவில் வரிசையாக வந்து போயின. குறிப்பேட்டில் எழுதினேன்: ஸ்டெப்னி இல்லை.

மற்றபடி வண்டியில் குறை சொல்வதற்கு நான் சிரமப்பட வேண்டியிருந்தது. பக்கக் கதவு, அடியில் காலை நீட்டினால் தானே திறந்துகொள்கிறது. இருக்கைகள் ஏழு, டம்ளர் வைக்கும் குழிகள் பதினாறு. ஆளுக்கு இரண்டு டம்ளர் போக மீதி இரண்டு யாருக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. நடு வரிசை இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும், சாயும், சூடாகும்.

என் பேத்தி நிலாவுக்குப் பதின்மூன்று வயது. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசக் கூடியவள். மூன்றாம் வரிசையில் என்னோடு உட்கார்ந்து, "தாத்தா, இது ரொம்ப அம்மா வண்டி. இதுல ஸ்கூல் வாசல்ல இறங்கினா நான் செத்தேன்" என்றாள்.

"அப்ப ரெண்டு தெரு தள்ளி இறங்கிக்கோ."

"நடக்கணுமே."

அவள் அம்மாவுக்கும் வேன் மீது பெரிய பிரியம் இல்லை. பக்கத்தில் நின்ற ஜீப் போன்ற உயரமான வண்டியைத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தாள். வளைவில் அதைத் திருப்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். விழுப்புரத்தில் பதினாறு வயதில் பக்கத்து வீட்டு மொபெட்டை வாங்கி ரயில்வே குடியிருப்புத் தெருக்களில் சுற்றி வந்தவளின் முகம். பிறகு வேனை ஓட்டினாள். "எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். "சோஃபாவ ஓட்டற மாதிரி இருக்குப்பா" என்றாள். ஆனால் அந்த உயரமான வண்டியின் படி முழங்கால் மடங்காதவனுக்கு ஆகாது. ஓட்டும் சுகத்தை அவள் தன் மாமாவின் முழங்காலுக்கு விட்டுக்கொடுத்தது எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் வரிசையில் என் முழங்கால் முகவாயை இடித்தது. 'நீண்ட தூரத்துக்கு ஏற்றதல்ல' என்று எழுதினேன். அப்போது விற்பனையாளர் இருக்கைகளின் இடுக்கில் விரலை விட்டு, குழந்தை இருக்கையைப் பூட்டும் இரும்புக் கொக்கிகளைக் காட்டினார். இத்தனை கொக்கிகள், இன்ன இடத்தில், இவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அந்தக் கொக்கி இல்லாவிட்டால் வண்டி தேறாது.

எனக்கு மேற்கொண்டு எதையும் அளக்கத் தோன்றவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

3

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில், ஒரு கொக்கிக்காக ஒரு வேனை நான் தேறாமல் திருப்பி அனுப்பினேன்.

அந்த வேன் ஏழுமலையுடையது. அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டுக்கொண்டிருந்தான். குடும்பத்துக்கும் ஆகும், மற்ற நாளில் வாடகைக்கும் ஓடும் என்று பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே எதிரெதிராக நீள இருக்கைகள் போட்டு, நீல ரெக்சின் தைத்து, பின்பக்கம் புடவை கட்டியவர்கள் ஏறுவதற்கு ஒரு மரப்படியும் வைத்திருந்தான். இன்றைக்கு அந்த இளைஞர் என்னிடம் பெருமையாகக் காட்டியவற்றில் பாதியை ஏழுமலை அன்றைக்கே ஒரு தச்சரையும் ஒரு வெல்டிங்காரரையும் வைத்துச் செய்து முடித்திருந்தான்.

வண்டி ஓடத் தகுதியானது என்று நாங்கள் கொடுக்கும் சான்றிதழுக்கு எஃப்.சி. என்று பெயர். அதற்காகச் சாலையோர மைதானத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும். வேப்பமரத்தடியில் டிரைவர்களும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அன்று ஏழுமலையின் வேன் நான்காவது. வெள்ளைச் சட்டை போட்டு, வண்டிக்கு மாலையும் போட்டிருந்தான். சேஸிஸ் எண் மீது தாளை வைத்து நான் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, நம்ம வூட்டு வண்டிக்கும் பென்சிலா?"

"சேஸிஸ் நம்பர் சொந்தம் பாக்காது."

அவன் சிரித்தான். அதே நேரத்தில் மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிரேக் இன்ஸ்பெக்டரு மச்சான் வண்டிப்பா அது. கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போட்டுருவாரு பாரு."

உறவினர் வண்டி வந்தால் அதைத் தொடாமல் வேறோர் ஆய்வாளரிடம் அனுப்பிவிட வேண்டும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது. எனக்குத் தெரிந்த விதிகளில் அதை மட்டும் அன்று மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. மரத்தடிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிரேக் நன்றாக இருந்தது. விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் சரி. பின் இருக்கையைத் தரையோடு பிணைக்க நான்கு போல்ட் வேண்டும், இரண்டுதான் இருந்தன. நிமிர்ந்தபோது கூரையின் நடுவில் தடித்த இரும்புக் கொக்கி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. மரத்தடிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: பின் இருக்கையில் இரண்டு போல்ட் குறைவு. கூரையில் அனுமதியற்ற கொக்கி. தகுதியற்றது.

"போல்ட்டு தானே மாமா, மத்தியானத்துக்குள்ள போட்டுக்கினு வந்துடறேன்."

"கொக்கிய எடுக்கணும். அடுத்த வாரம் எஃப்.சி.க்குக் கொண்டா."

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காதுகுத்து மாமா."

"தெரியும். என் பொண்ணுக்குத்தான்."

மரத்தடி சிரித்தது. ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தனம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"கொக்கி எதுக்குன்னு அவன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எதுக்கா இருந்தா என்ன? அனுமதி கிடையாது."

"பாப்பா பஸ்ல தூங்க மாட்டாள்னு போன வாரம் நான்தான் சொன்னேன். தூளி கட்டி நம்மள இங்கருந்து மயிலத்துக்கு இட்டுக்கினு போறேன்னு அந்தக் கொக்கியப் போட்டிருக்கான். காது குத்தறதுக்குள்ள புள்ள ஒரு தூக்கம் போட்டுரட்டும்னு."

நான் மோர் ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். 

4

தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு மாற்று ஏற்பாடு கிடையாது; தாய்மாமன் வராவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான். விதிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை மயிலம் கோயிலில் நான் கடிகாரத்தையும் மலைப்படியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் தூங்காத கவிதா தனத்தின் தோளில் சிணுங்கினாள். காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. பத்தாயிற்று. "வருவானா?" என்று தனத்திடம் கேட்டேன். "அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

பத்தேகாலுக்கு அடிவாரத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது. ஏழுமலை முன்னால் வர, அவன் மனைவியும் பங்காளி வீட்டுப் பெண்களுமாகப் பதினாறு பேர் ஆளுக்கொரு சீர்த்தட்டோடு படியேறி வந்தார்கள். திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வரைக்கும் பஸ். அங்கிருந்து மயிலத்துக்குப் போகும் பஸ்ஸில் இவ்வளவு தட்டையும் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரச் செம்மண்ணில் நடந்தே வந்திருக்கிறார்கள். ஏழுமலையின் வேட்டி முழங்கால்வரை செம்மண். கோயிலுக்கு வந்திருந்த மற்றவர்கள் வழிவிட்டு, "தாய்மாமன்னா இப்படி இல்ல இருக்கணும்" என்றார்கள். அவர்கள் என்னையும் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல மச்சான் வாய்த்திருக்கிறான் என்று.

அவன் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கவிதாவை மடியில் வாங்கிக்கொண்டான். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டாள். அவன் கண்ணிலும் தண்ணீர். பத்தர், "இன்னாப்பா, உனக்கும் சேத்துக் குத்திட்டனா?" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

பந்தி முடிந்து கிளம்பும்போது, உறவினர் ஒருவர் எங்களை விழுப்புரத்தில் விடத் தன் காரைக் கொண்டுவந்தார். நான் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏழுமலை, நீயும் வா, கூட்டேரிப்பட்டுல இறங்கிக்கலாம்" என்றேன். சமாதானம் பேசுவதாக எனக்கு எண்ணம்.

அவன் காரின் ஜன்னல் அருகே வந்தான். கத்தவில்லை.

"வேணாம் மாமா. என் வண்டியத்தான் நிறுத்திட்டீங்க. என் காலுக்கு இன்னும் எஃப்.சி. இருக்குது. நீங்க உக்காந்திருக்கிற வண்டில இனிமே நான் கால் வெக்க மாட்டேன்."

அடுத்த வாரம் அவன் வேனைக் கொண்டுவந்தான். நான்கு போல்ட் இருந்தன. கொக்கி இருந்த இடத்தை அறுத்து, தேய்த்து, வர்ணம் பூசியிருந்தான். அந்த முறை அதைச் சக ஆய்வாளரிடம் அனுப்பினேன். முறைப்படி.

5

மனிதர்கள் கோபத்தில் சொல்வதை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். ஏழுமலை விடவில்லை. பகையும் பாராட்டவில்லை. வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், என்னோடு அரசியல் பேசுவான், கவிதாவுக்கு மல்லாட்டை வறுத்துக்கொண்டு வருவான். வாசலில் வண்டி வந்து நின்று நான் ஏறியதும், "நீங்க முன்னாடி போங்க மாமா, நான் வந்துக்கினே இருக்கேன்" என்று பஸ் நிலையத்தைப் பார்த்து நடப்பான். கவிதாவின் கல்யாணத்தன்று கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண் அழைப்பு வண்டி கிளம்பியபோதும் டவுன் பஸ்ஸில்தான் வந்தான்.

நான் ஓய்வு பெற்றபின் தனமும் நானும் கவிதாவிடம் வந்தோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவோம். கடைசித் தடவை திண்டிவனத்திலிருந்து விமான நிலையத்துக்கு வேனில் கிளம்பினோம். தனம் ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வாட்டி ஏறி வாயேண்டா" என்றாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறங்கி நின்றிருக்கலாம். எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "பின்னாலயே பஸ்ல வர்றேங்கா" என்றான். வழியில் நெரிசல். அவன் வந்து சேர்ந்தபோது நாங்கள் உள்ளே போய்விட்டோம். கண்ணாடிக்கு அப்பால் நின்று கையாட்டினான். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தது அதுதான் கடைசி. அவள் இங்கே இறந்தபோது அவனுக்கு விசா உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

ஆகவே இந்தமுறை விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். அழைப்புக் கடிதம், நிலப் பட்டா, சிட்டா, மகள் வீட்டு முகவரிச் சான்று, தனத்தின் இறப்புச் சான்றிதழ், முன்னால் ஓர் அட்டவணை, பக்க எண்கள். விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம். மனைவியின் தம்பி என்று எழுதினேன். மனைவி இறந்தபின் அந்த உறவு நீடிக்கிறதா என்று கேட்பதற்குக் கட்டம் இல்லை. இருந்திருந்தால் காலியாக விட்டிருப்பேன்.

விசா வந்தது. வேனும் வந்தது. நான் விமான நிலையத்துக்கு வரவில்லை என்றேன். "மாமாவ கூப்பிட நீங்க வராம எப்படிப்பா?" என்றாள் கவிதா. அவள் குரல் அவள் அம்மாவுடையது. இணையத்தில் தேடி, விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பஸ் நேரங்களைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும். அந்தப் பஸ் எனக்கு.

6

ஏழுமலையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையில் குரங்குக் குல்லா, மடியில் கைத்தடி. கவிதாவைப் பார்த்ததும், "பாப்பா, இளைச்சிட்டியே" என்றான். எழுபது கிலோ இருக்கும் என் மகள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். நிலா காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு நின்றாள். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றான். "இருக்கேன்" என்றேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் காற்று ஊசியாக இறங்கியது. கவிதா அடியில் காலை நீட்டினாள், கதவு திறந்தது. ஏழுமலை ஏறவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியை ஊன்றி, மெதுவாக வேனை ஒரு சுற்றுச் சுற்றினான். நான்கு டயரையும் தடியால் தட்டினான். குனிய முடியாமல் குனிந்து அடியில் பார்த்தான். எனக்குத் தெரிந்த வரிசை அது, ஒன்றும் விடவில்லை.

"ஸ்டெப்னி எங்க?"

"கெடையாது" என்றேன்.

"அப்புறம் எப்படி மாமா பாஸ் போட்டீங்க?"

நிலா களுக்கென்று சிரித்தாள். கதவருகே வந்து நின்றான். தலையை உள்ளே நீட்டி இருக்கைகளைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். ஏறவில்லை. "மாமா, ஏறுங்க, குளிருது" என்றாள் கவிதா. அவன் என்னைப் பார்த்தான், தனம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அன்று பார்த்தது போலவே.

பையிலிருந்த தாளை எடுத்தேன். "நீங்கள்லாம் கெளம்புங்க. எனக்குப் பஸ் இருக்குது. நான் பின்னாலயே வர்றேன்."

"இன்னாப்பா சொல்றீங்க?" என்றாள் கவிதா. அதிர்ச்சியில் ஊர்ப்பேச்சே வந்துவிட்டது.

ஏழுமலை தாளை வாங்கி, எட்டத்தில் பிடித்துப் படித்தான். "ரெண்டு எடத்துல மாறணுமா? இந்தக் குளிர்லயா?"

"நீ நடந்தியே."

அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்தான். அப்போது நான் கேட்டுவிட்டேன். மைதானத்தில் கேட்டிருக்க வேண்டியது.

"ஏழுமலை, அந்தக் கொக்கி எதுக்குப் போட்ட?"

அவனுக்கு எந்தக் கொக்கி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. குல்லாவைக் கழற்றினான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பாப்பாவுக்குத் தூளி கட்ட, மாமா."

"எனக்கு மரத்தடில இருந்தவங்க பேச்சுதான் காதுல விழுந்தது. உன்ன ஒரு வார்த்த கேக்கல."

"போல்ட்டு ரெண்டு கொறச்சல்னு சொன்னீங்களே, அது சரிதான். அதுக்கு நான் கோச்சிக்கவே இல்ல."

"தெரியும்."

"அக்காதான் ரொம்ப கேட்டுக்கினு இருந்துச்சி. ஏறி வாடா, ஏறி வாடான்னு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கவிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தக் கொக்கி, எந்தத் தூளி என்று அவளுக்குப் பிறகு வீட்டில் சொன்னேன். அது தனிக் கதை.

ஏழுமலை பஸ் நேரத் தாளை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். கைப்பிடியைப் பற்றி, மடங்காத காலை முதலில் உள்ளே வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டு நடு வரிசையில் உட்கார்ந்தான். நான் அளந்தது சரியாகத்தான் இருந்தது. நான் இன்னும் வெளியே நின்றேன்.

"இன்னா மாமா நிக்கிறீங்க? நீங்க உக்காந்திருக்கிற வண்டில நான் ஏற மாட்டேன்னுதான் மயிலத்துல சொன்னேன். நான் உக்காந்திருக்கிற வண்டில நீங்க ஏறக் கூடாதுன்னு சொல்லலயே. ஏறுங்க, ஜல்தி. பாப்பா குளிர்ல நிக்குது."

முப்பத்தொரு வருடம் விதிப் புத்தகத்தோடு வாழ்ந்தவன் நான். இந்த வழி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவனைத் தாண்டி மூன்றாம் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். முழங்கால் முகவாயை இடித்தது. வீடு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. குறிப்பேட்டில் அந்த இருக்கைக்கு எதிரே 'நீண்ட தூரத்துக்கு ஏற்றதல்ல' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன்.